உச்சியில் கோயில் இல்லாத மலை

மலை என்று ஒன்று இருந்தால் அதன் உச்சியில் முருகன் இருப்பார் என்றுதான் ஐம்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். இதில் பக்தி கொஞ்சம், பழக்கம் அதிகம். எங்கள் பக்கத்தில் பிறந்தவன் வேறு எப்படி நினைப்பான்? மருதமலையில் அவர். சென்னிமலையில் அவர். பழனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவன்மலை என்று அப்பாவின் பெயரை வைத்துவிட்டு அங்கேயும் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறார். காட்டோரத்தில் சின்னதாக ஒரு கரடு தலைதூக்கினால் போதும், அதன் மண்டைக்குச் சுண்ணாம்பு அடித்து ஒரு வேல் நட்டுவிடுவார்கள். ஆகவே மலை என்றால் எனக்கு அடிவாரத்தில் செருப்பு விடும் இடம், ஏறப் படி, பிடிக்கக் கம்பி, பாதி வழியில் நீர்மோர், உச்சியில் சாமி, இறங்கியதும் மிளகாய் பஜ்ஜி. இதில் ஏதாவது குறைந்தால் அது இன்னும் வேலை முடியாத மலை.

அதனால்தான், ஆனைமலைத் தொடரில் வால்பாறைக்கும் அப்பால் இருக்கிற ஒரு சிகரத்துக்குப் போகப்போகிறோம் என்று மனைவி சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "மத்தியானம் நடை சாத்திருவாங்களா அம்மணி?"

பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அங்க கோயில் இல்லீங்க."

"சின்னதாக்கூடவா?"

"கல்லும் புல்லுந்தானுங்க இருக்குது."

அவள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லித்தருகிறவள். ஆடு மாடு பற்றித் தெரியும், சாமி பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி, ஊதுபத்தி, இரண்டு வாழைப்பழம் எல்லாவற்றையும் பைக்குள் அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினேன்.

சிகரத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதுவும் அவள் உத்தரவு. "நீங்க பேரை எழுதுவீங்க, அடுத்த வாரமே நாலு பேரு செல்போனைத் தூக்கிட்டு வேலியைத் தாண்டுவானுக" என்றாள். நியாயம்தான். அது சுற்றுலா போகிற இடம் அல்ல. சாலை கிடையாது, டிக்கெட் கிடையாது, ஆளைத் தெரியும் என்றாலும் கதை நடக்காது. வனத்துறைக்காரர்கள் ரோந்து போவார்கள். வரையாடு கணக்கெடுக்கும் நாட்களில் மட்டும் வெளி ஆட்கள் சிலரைக் கூட்டிப்போவார்கள். என் மனைவி வருஷா வருஷம் அதற்கு விண்ணப்பித்து, வருஷா வருஷம் இடம் கிடைக்காமல், அந்தக் கோபத்தை என் தோசையில் காட்டுவாள்.

இந்தத் தடவை இடம் கிடைத்தது. கூட வருவதாக இருந்த டீச்சருக்குக் கால் பிசகிப்போனது. ஆள் குறைந்தால் அந்தப் பகுதிக்கு வேறு குழுவைப் போட்டுவிடுவார்களாம். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். நன்றாக நடப்பீர்களா என்று போனில் கேட்டார்கள். சூலூரில் எனக்குத் தறி ஓடுகிறது. ஒரு தறிக்கும் இன்னொரு தறிக்கும் இடையில் நாள் முழுக்க நடப்பவன்தான் என்று சொன்னேன். பொய் இல்லை. அந்த வழி சமதளமாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நீங்க வரலீன்னாலும் பரவாயில்லைங்க" என்றாள் மனைவி, கிளம்புவதற்கு முந்தின நாள். "வந்தீங்கன்னா ஒழுங்கா வரோணும். ஜூவுல கம்பிக்கு அக்கட்டால நின்னதைப் பாத்திருக்கறனுங்க. ஒரே ஒரு தடவை அதுகளை அதுக ஊட்டுல பாக்கோணும். நான் பாக்கறது அதுகளுக்குத் தெரியக்கூடாது."

அவள் இப்படித் தணிந்த குரலில் பேசினால் எனக்குப் பயம். சத்தம் போட்டால் பழக்கம்.

சோதனைச்சாவடியில் எங்களோடு வரப்போகிற வனத்துறை கார்டு நின்றிருந்தார். முப்பது வயதுப் பெண், அவிநாசிப் பக்கம். பையைத் திறக்கச் சொன்னார். துண்டை எடுத்தார்.

"ஏனுங்ணா, இதென்ன?"

"சாமிக்குங்க."

"எந்தச் சாமிக்கு?"

"மேல இருக்கிற சாமிக்கு."

"மேல நாந்தானுங்ணா போயிட்டு வந்துட்டு இருக்கறேன். என்றகிட்டக் குடுத்துருங்க" என்று தேங்காயை எடுத்து மேசைமேல் வைத்தார். கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுக்கும்போது சிரிப்பு போய்விட்டது. "கோடையில புல்லுக்காடு எப்படி இருக்கும் தெரியுங்களா? ஒரு பொறி போதும். இதை உள்ள கொண்டுபோனீங்கன்னா உங்களை நான் வெளிய கொண்டுவர முடியாதுங்ணா."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த அறிவிப்புப் பலகையை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழத்தை அங்கேயே உரித்துத் தின்றுவிட்டேன். சாட்சியை அழிப்பது என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மறுநாள் விடிந்ததும், இரவு தங்கிய முகாமிலிருந்து நான்கு பேர் கிளம்பினோம். முன்னால் வழிகாட்டும் வனத்துறை வாட்சர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு குறைவு. அடுத்து கார்டு, அடுத்து என் மனைவி. கடைசியில் நான். கடைசி ஆளைத்தான் புலி பிடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். நடுவில் வந்துகொள்கிறேன் என்று கேட்டுப்பார்த்தேன்.

"நடு ஆளைத்தான் பிடிக்குமுங்ணா" என்றார் கார்டு. "புலி கெட்டிக்காரன்."

முதலில் சோலைக்காடு. வெயில் என்ற சாமான் அங்கே இல்லை. மரமெல்லாம் குட்டை குட்டையாக, பாசி போர்த்திக்கொண்டு, கிளைகளை முறுக்கிக்கொண்டு நின்றது. கோடை மழை இரண்டு பெய்திருந்ததால் அட்டைகள் விழித்திருந்தன. பாறைமேல் நூல்துண்டு மாதிரி நின்று தலையை ஆட்டி யார் வருகிறார்கள் என்று பார்க்கும். வருவது நான்தான். என் ஒருவன் காலில் மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டதற்கு மனைவி, "சக்கரை இருக்குதுல்லங்க, ருசி தெரிஞ்சிருக்கும்" என்றாள். வாட்சர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

சோலை ஒரு கதவைத் திறந்ததுபோல முடிந்தது. அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. புல். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் புல், மேட்டின்மேல் மேடாக, காற்று அடிக்கும் திசையில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. மேடுகளுக்கு நடுவே மடிப்புகளில் மட்டும் கருத்த சோலை, தண்ணீர் தேங்கின இடம்போலத் தேங்கி நின்றது. அந்தச் சோலைகளின் அடியிலிருந்து ஓடை கசிந்தது. எங்கள் ஊர்க் குழாயில் வாரம் ஒருமுறை வருகிற தண்ணீருக்கு இதுதான் பிறந்த வீடு என்று மனைவி சொன்னாள். குனிந்து குடித்தேன். பல் கூசியது. ஐம்பது வருஷமாக நான் குடித்ததெல்லாம் இதன் தூரத்துச் சொந்தம் என்று தோன்றியது.

அதற்கெல்லாம் மேலே சிகரம். ஒற்றைப் பாறை. யாரும் செதுக்கவில்லை, வெள்ளையடிக்கவில்லை, கம்பி நடவில்லை, பெயர் எழுதி அம்புக்குறி போட்டு இன்னார் உபயம் என்று வைக்கவில்லை. மனிதன் கைபடாத ஒரு பெரிய பொருளை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சூலூரில் வானத்தில்கூட விமானம் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

சத்தமும் இல்லை. அதுதான் என்னைக் கொஞ்சம் கலக்கியது. தறி ஓடுகிற இடத்தில் பேசுவது என்பதே கத்துவதுதான். வீட்டில் நான் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். இங்கே என் காது தானாகவே டக்கடக்க டக்கடக்க என்று தறியை ஓட்டிப் பார்த்து, கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்றுபோனது. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. அவ்வளவு வேகமாக அடிக்க வேண்டிய அவசியம் என்ன என்று அதைக் கேட்டேன்.

ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கியது. மூச்சு வாங்கியது. இப்படி மூச்சு வாங்கும்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். படியில் கால் இழுக்கும்போது பின்னால் வருகிறவன் குரல் கொடுப்பான், முன்னால் போகிறவன் பதில் கொடுப்பான், இரண்டு பேருக்கும் அடுத்த பத்துப் படிக்குத் தெம்பு வரும். சின்ன வயதிலிருந்து காலுக்கும் தொண்டைக்கும் போட்ட முடிச்சு அது. வாய் தானாகத் திறந்தது.

"அரோகரா!"

எதிர் மேட்டிலிருந்து அது திரும்பி வந்தது. சோலைக்குள்ளிருந்து ஏதோ பறவைகள் கலைந்து போயின. மூன்று பேரும் நின்று திரும்பினார்கள்.

கார்டு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், திட்டினாலும் இவ்வளவு உறைத்திருக்காது. "அண்ணா, இங்க பரவாயில்லைங்க. மேல போய் இப்பிடிச் சத்தம் போட்டீங்கன்னா, ஒரு ஆடு விசிலடிக்கும். ஒண்ணு அடிச்சாப் போதும், மந்தை மொத்தமும் பாறைக்குக் கீழ எறங்கீருமுங்க. இன்னைக்கு மறுக்கா மேல வராது. நாளைக்கு நம்மளுக்கு அனுமதி இல்ல. டீச்சரக்கா வந்ததே வீணாப் போயிருமுங்ணா."

"வாயே தொறக்க மாட்டனுங்க" என்றேன். அதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

மனைவி பக்கத்தில் வந்து என் தோளில் இருந்த அட்டையைத் தட்டிவிட்டாள். "ஏனுங்க, வேணும்னா இங்கியே உக்காந்துக்குங்க. நாங்க போயிட்டு வாரமுங்க."

தனியாக உட்காருவதா? அந்த மேட்டில் கிடந்த யானை லத்தியை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இவ்வளவு உயரத்துக்கு அது எப்படி ஏறியது என்று வியந்தபோது, "நம்மள மாதிரித்தானுங்க, நடந்து" என்று வாட்சர் சொல்லியிருந்தார். வீரத்தோடு நிமிர்ந்து நின்றேன். "உன்னைத் தனியா உடுவனா அம்மணி?"

கடைசிப் பகுதி ஒரு முகடு. ஒரு பக்கம் புல் சரிவு, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் நிஜமாகவே இல்லை. கீழே எங்கோ மேகம் நின்றது, மேகத்துக்குக் கீழே மரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரித் தெரிந்தன. மற்ற மூவரும் கடைவீதியில் போவதுபோல நடந்துபோனார்கள். நான் முதலில் குனிந்து நடந்தேன். பிறகு உட்கார்ந்து நகர்ந்தேன். பிறகு நாலு காலில் போனேன். கைப்பிடிக் கம்பியைக் கண்டுபிடித்த மகராசன் எவனோ அவனுக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன். புல்லைப் பிடித்தால் வேரோடு வந்துவிடுமோ என்று பயம். பிடிக்காவிட்டால் நானே வந்துவிடுவேனோ என்று பயம். வீட்டுக் கடன், காய்ந்துகொண்டிருக்கும் பாவு நூல், சொல்லாமல் வைத்திருக்கும் ஏலச்சீட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாகலாமா என்று யோசித்தேன். சத்தம் போடக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

உச்சிக்கு வந்துசேர்ந்தோம். கோயில் இல்லை. கல் மட்டும். அதன்மேல் காற்று.

வாட்சர் கையைக் காட்டினார். எல்லாரும் குப்புறப் படுத்தோம். நான் முன்னமே அந்த நிலையில்தான் இருந்தேன். பாறையின் விளிம்புக்குத் தலையை நீட்டினோம். மேகம் மெல்ல நகர்ந்தது, யாரோ போர்வையை உருவுவது மாதிரி. கீழே பாறைச்சரிவில் பச்சையாக ஒரு திட்டு. அதில் அவை நின்றன.

வரையாடு என்றால் ஆட்டைப்போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆட்டைப்போலத்தான் இருந்தது, ஆனால் என் வாழ்நாளில் பார்த்த எந்த ஆடும் அப்படி நின்றதில்லை. பழுப்பு நிறத்தில் பெட்டைகள், அவற்றின் காலுக்குள் காலாகக் குட்டிகள். கைக்குட்டை அகலம் கூட இல்லாத விளிம்பில் ஒரு குட்டி துள்ளியது. கீழே அதலபாதாளம், அது துள்ளி, திரும்பி, இன்னொரு தடவை துள்ளியது. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய கிடா, கருத்த உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளி நிறம். அது எங்கேயும் பார்க்கவில்லை. அந்த மலை முழுதும் தன் பெயரில் பட்டா இருப்பதுபோல நின்றது. இருக்கிறதுதான். வேலி, சோதனைச்சாவடி, சட்டம் எல்லாம் இதற்காகத்தான் என்று புரிந்தது. நல்ல ஏற்பாடு. என்னைப் போன்றவனை எந்த வேலிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று யாரோ சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

மனைவி எண்ணத் தொடங்கினாள். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், இடது கை விரல்களைப் பாறையில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். உதடு அசைந்தது. அவள் முகத்தை இப்படி நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் எதிரே நின்றது நான்தானே.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆடுகளைப் பார்த்தவன், ஆட்டுக்குக் கீழேயும் பார்த்தேன்.

பாறை வழுக்கிக்கொண்டு போய், போய், போய்க்கொண்டே இருந்தது. நான் படுத்திருந்த கல் லேசாக முன்னால் சாய்வதுபோல இருந்தது. பல ஆயிரம் வருஷமாக நின்ற மலை, சூலூர்க்காரன் ஒருவன் வந்து படுத்ததும் சாய்கிறது என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. காலுக்கும் தொண்டைக்கும் போட்ட முடிச்சு உள்ளே இறுகுவது தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அடக்கினேன். அது வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கடந்து, வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து, முழு மூச்சோடு, அரோகரா!

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் காத்திருந்தவளின் ஒரே காலைப்பொழுதை ஒற்றை வார்த்தையில் உடைத்துவிட்டேன். விசில் சத்தம் கேட்கும், குளம்புகள் கல்லில் தட்டும், அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் ரொம்ப மோசம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. முகத்தில் ஈரமாக ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தேன். மேகம் திரும்பி வந்து மூடியிருந்தது. கீழே வெள்ளை. ஆடும் இல்லை, திட்டும் இல்லை.

மனைவி பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. போகலாம் என்று கையைக் காட்டினாள்.

இறங்கத் தொடங்கினோம். அந்த முகட்டை எப்படித் தாண்டினேன் என்பதே நினைவில்லை. விழுந்து செத்தால்கூட இந்த நிலைமைக்குத் தேவலை என்று இருந்ததால் பயம் குறைந்திருந்தது. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை. அவள் நின்று ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதையும் புரட்டிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை.

ஓடைக்கு வந்ததும் எல்லாரும் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

"அம்மணி, என்னைய மன்னிச்சுப்போடு" என்றேன். "வேணும்னு பண்ணுல. பயத்துல வாய் தவறிக் கத்திப்போட்டேன்."

"எப்பங்க கத்துனீங்க?"

"மேலதான். நீ எண்ணிட்டு இருக்கறப்ப."

அவள் கார்டைப் பார்த்தாள். கார்டு வாட்சரைப் பார்த்தார். வாட்சர் வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "வாயைத் தொறந்தாருங்க" என்றார். "பெருசா. கண்ணையும் மூடுனாரு."

"கொட்டாவின்னு நெனச்சனுங்ணா" என்றார் கார்டு. "இவ்வளவு தூரம் வந்து தூங்கறாரேன்னு பாத்தேன்."

"அப்ப நீ எதுக்கு அழுத?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அழுகோணும்போல இருந்துச்சுங்க" என்றாள். "உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க." பிறகு, "அந்தக் குட்டி துள்ளுச்சு பாத்தீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளே அதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

அன்று நடந்தது இவ்வளவுதான். பயத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆடுகள் நிதானமாக மேய்ந்து முடித்து, தாமாகவே பாறை இறங்கிப் போயின. அதற்கப்புறம்தான் மேகம் மூடியது. அதற்குள் என் மனைவி கடைசிக் குட்டி வரைக்கும் எண்ணி முடித்திருந்தாள்.